‘குளூட்டன் இல்லை’ என்ற சொல்லை நம்பலாமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

கலப்படம் என்றதும் மிளகில் பப்பாளி விதையும் பாலில் தண்ணீரும் நம் நினைவுக்கு வரும். அவை இலாபத்துக்காக வேண்டுமென்றே செய்யப்படுபவை. ஆனால் எவரும் வேண்டுமென்று செய்யாமலே ஓர் உணவு மற்றோர் உணவில் கலந்துவிடுவதும் உண்டு. கோதுமை அரைத்த மெஷினிலேயே அடுத்து அரிசியை அரைத்தால், அரிசி மாவில் கொஞ்சம் கோதுமை மாவும் வந்து சேரும். நம்மில் பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. சிலருக்கோ இதுவே நோய்க்குக் காரணமாகிறது. ‘குளூட்டன் இல்லை’ என்று அச்சிட்டு விற்கும் பொட்டலங்களை அவர்கள் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நோயின் தன்மை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதியே குளூட்டன். பரோட்டா மாவு இழுத்தால் நீள்வதற்குக் காரணம் இதுதான். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதை உண்டால், அவர்களுடைய உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்குகிறது. உணவுச் சத்தை ஈர்த்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எடைக்குறைவு, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு ஆகியவை தொடர்கின்றன. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-ல் அளித்த ஆய்வேட்டில், உணவிலிருந்து கோதுமையை நீக்கினால் நோய் தணிகிறது என்பதைக் காட்டினார். இன்றும் வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே இதற்குரிய மருத்துவம்.

2016-ல் வெளியான இந்திய ஆய்வொன்று, இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும் தெற்கே நூற்றுக்கு 0.10 பேருக்கும் இருப்பதாகக் கண்டது. ஆயிரத்தில் ஒருவர்தானே என்று தோன்றலாம். அந்த ஒருவர் நம் வீட்டிலேயே இருந்தால் கணக்கு வேறு. என் தங்கைக்கு இந்நோய் உள்ளது.

எவ்வளவு கலந்தால் கெடுதல்?

‘குளூட்டன் இல்லை’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் சுழியம் என்று பொருள் இல்லை. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பதே பொருள். பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ், அமெரிக்கா, நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஆகிய மூன்றும் இந்த அளவையே வைத்துள்ளன. 20-க்கு மேல் 100 வரை இருந்தால் அது ‘குறைந்த குளூட்டன்’ உணவு, நோயாளிக்கு ஏற்றதன்று.

2007-ல் வெளியான ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்டவர்களின் குடல் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை என்று கருதப்படுகிறது. வரம்பின் உச்சியில் உள்ள உணவை அரைக் கிலோ உண்டால்தான் 10 மில்லிகிராம் உடலில் சேரும். ஆகவே வரம்பு நியாயமானதே.

ஆனால் அந்த வரம்பை எட்டுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள். மைதாவில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கு குளூட்டன் எனக் கொண்டால், ஒரு கிராம் மைதாவில் 80 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் மைதா விழுந்தாலே போதும், வரம்பு முடிந்துவிடும். கால் கிராம் என்பது ஒரு சிட்டிகைகூட இல்லை.

எங்கே கலக்கிறது?

வயலில், களத்தில், லாரியில், மில்லில், ஆலையில் என்று எங்கும் கலக்கலாம். அமெரிக்காவில் இயல்பாகவே குளூட்டன் இல்லாத 22 தானியங்களையும் மாவுகளையும் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். அவற்றில் 7 வரம்பைத் தாண்டியிருந்தன. 2015 அக்டோபரில் ஜெனரல் மில்ஸ் நிறுவனம், ‘குளூட்டன் இல்லை’ என்று குறித்த சீரியோஸ் பெட்டிகள் 18 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. கலிபோர்னியாவின் லோடி ஆலைக்கு ரயில் வராத நாட்களில் ஓட்ஸ் மாவை லாரிக்கு மாற்றி ஏற்றினார்கள். அப்போது கோதுமை மாவு கலந்துவிட்டது. உணவு ஓட்ஸ்தான், வண்டியில்தான் கோளாறு.

சோதனைக்கும் எல்லை உண்டு. எலிசா என்னும் முறையில் குளூட்டனுடன் இணையும் எதிர்ப்பொருளைக் கொண்டு அளவைக் கண்டறிகிறார்கள். முறை நுட்பமானது, ஆனால் எடுக்கும் மாதிரி சில கிராம்தான். ஒரு கிலோ ஓட்ஸில் ஐந்தாறு கோதுமை மணிகள் கிடந்தால் அவை ஒரு மூலையில் இருக்கும், மாதிரி வேறு மூலையிலிருந்து வரும். நன்கு கலந்த மாவில் இத்தொல்லை குறைவு.

நம் சமையலறைக்கும் இதில் பங்குண்டு. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா எல்லாம் நிறுத்திய பின்னும் தங்கைக்கு வயிறு தேறவில்லை. வீட்டிலுள்ள டப்பாக்களை எல்லாம் கொண்டுவரும்படி மருத்துவர் சொன்னார். கூட்டுப் பெருங்காய டப்பாவில், பொடி எழுத்தில், கோதுமை மாவு என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. தினமும் ரசத்திலும் சாம்பாரிலும் போட்டது அதைத்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

பொட்டலத்தைப் படிக்கும் முறை

1. சேர்பொருள் பட்டியலை முழுதும் படிக்க வேண்டும். கோதுமை, மைதா, ரவை, பார்லி, ரை மட்டுமன்றி மால்ட் என்றிருந்தாலும் விலக்க வேண்டும். மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது.

2. அடுத்து ஒவ்வாமைக் குறிப்பு. 2020-ஆம் ஆண்டின் விதிகளின்படி குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் ‘உள்ளது’ என்று தனியே அறிவிக்க வேண்டும்.

3. ‘கோதுமை இருக்கக்கூடும்’ என்று இருந்தால் வாங்கக்கூடாது. அக்குறிப்பு இல்லாததாலேயே கலப்பு இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

4. ‘கோதுமை இல்லை’ என்பதும் ‘குளூட்டன் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் பார்லி இருக்கலாம்.

5. மாவு, ஓட்ஸ், மசாலாப் பொடி ஆகியவற்றை ‘குளூட்டன் இல்லை’ என்ற உறுதி இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். அரிசியையும் கேழ்வரகையும் முழுத் தானியமாக வாங்கி, புடைத்து, பொறுக்கி, கழுவி, வீட்டிலேயே அரைப்பது அதனினும் நன்று.

6. ஐயம் எழுந்தால் பொட்டலத்தில் உள்ள நுகர்வோர் எண்ணில் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: அதே இயந்திரத்தில் கோதுமையும் அரைக்கிறீர்களா? ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கிறீர்களா? தெளிவான விடை தராத பொருளை எங்கள் வீட்டில் வாங்குவதில்லை.

முடிவுரை

‘குளூட்டன் இல்லை’ என்பது ஓர் அளவைப் பற்றிய வாக்குறுதி. அதை வெறும் நம்பிக்கையோடு அல்லாமல் கணக்கோடு படிப்பவருக்கு அது பயன்படும். மில்லிகிராமையும் நூற்று வீதத்தையும் நாம் தேர்வுக்காகப் படிக்கிறோம். நம் தெருவில் அவற்றைப் படிக்கத் தெரியாமல் பொட்டலத்தைக் கையில் வைத்திருப்போர் பலர். என்னைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். சர்க்கரை நோயாளிக்கும், நிலக்கடலை ஒவ்வாத குழந்தைக்கும் அந்தப் பொடி எழுத்துகளைப் படித்துச் சொல்வது நம்மால் இயலும். பட்டம் கையில் வருவதற்கு முன்பே செய்யத்தக்க பணி இது.