வக்கீல் மீது புகார்: அந்தமானிலிருந்து எங்கே போவது?

கேள்வி: பணம் வாங்கிய வக்கீல் வாய்தாவுக்கு வருவதே இல்லை. போர்ட் பிளேரில் ஹைகோர்ட் பெஞ்ச் இருக்கிறதே, அங்கே அவர்மேல் புகார் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்)

பதில்: அந்த பெஞ்ச் வழக்குகளை விசாரிக்கத்தான். வக்கீலின் தொழில் ஒழுக்கத்தை விசாரிப்பது பார் கவுன்சில். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி, அந்தமான் நிக்கோபாருக்கும் கொல்கத்தாவில் உள்ள மேற்கு வங்க பார் கவுன்சில்தான்.

மனுவில் கையெழுத்திட்டு, உரிய கட்டணத்துடன் அனுப்புங்கள். வக்காலத்து நகல், பணம் கொடுத்த ரசீது, அவர் ஆஜராகாததைக் காட்டும் கோர்ட் உத்தரவு நகல்கள் ஆகியவற்றையும் இணையுங்கள். முகாந்திரம் இருந்தால், மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் விசாரணை டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் அங்கேயே மேல்முறையீடு. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம்.

இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். கேஸ் தோற்றதற்காக மட்டும் வக்கீலைத் தண்டிக்க மாட்டார்கள். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கித் தருவதும் இந்தக் குழுவின் வேலையல்ல. அதற்கு சிவில் கோர்ட்தான். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் நுகர்வோர் கோர்ட் வழியும் இல்லை.