கட்டைவிரற் பந்தாட்டம்

கால்பந்தாட்டத்திற்கு வேண்டும் கருவிகள் மிகச் சில. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட புல்வெளி ஒன்று, 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ள பந்து ஒன்று, பக்கத்திற்குப் பதினொருவராக இருபத்திருவர், நடுவர் ஒருவர். இவை அமைந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். ஓடுதற்குக் கால் உண்டு. தாங்குதற்கு மார்பு உண்டு. முட்டுதற்குத் தலை உண்டு. தோழன் நிற்குமிடத்தை நோக்குதற்குக் கண் உண்டு. வீட்டினுள் திரையின் முன் அமர்ந்து இதே ஆட்டத்தை ஆட விரும்பும் சிறுவனின் நிலையோ வேறு. அவனுக்கு வாய்த்தவை இரண்டு கட்டைவிரல்களும் அவற்றிற்குத் துணைநிற்கும் சில விரல்களுமே. உடல் முழுவதும் செய்யும் தொழிலை இரு விரல்கள் எங்ஙனம் செய்யும்? ஒருவன் கை பதினொருவரை எங்ஙனம் ஆளும்? வீடியோ கால்பந்தின் வரலாறு, இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிய வரலாறே ஆகும்.

தொடக்கத்தில் விடை எளிதாக இருந்தது. அவ்வெளிமைக்குக் காரணம் இயலாமையே. 1980-களின் தொடக்கத்தில் அட்டாரி நிறுவனத்தின் 2600 என்னும் இயந்திரத்திற்காகப் பெலேயின் பெயரைத் தாங்கி ஓர் ஆட்டம் வெளிவந்தது. அதில் பதினொருவர் இலர். கோல்காப்பாளர் நீங்கலாகப் பக்கத்திற்கு மூவரே இருந்தனர். அம்மூவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளைப் போலப் பிணைக்கப்பட்டு, ஒருவர் நகர்ந்தால் மூவரும் நகர்ந்தனர். உலகு புகழும் ஆட்டக்காரரின் பெயர் பெட்டியின்மேல் இருந்தது. அவருடைய ஆட்டம் பெட்டிக்குள் இல்லை.

பந்துக்கு விடுதலை கிடைத்த ஆண்டு 1989 எனலாம். அதற்கு முன் வந்த ஆட்டங்கள் பலவற்றில் பந்து, பசை தடவியதுபோல ஆட்டக்காரனின் காலில் ஒட்டிக்கொண்டே செல்லும். அவன் எத்திசையில் திரும்பினும் பந்தும் உடன் திரும்பும். பிரிட்டனைச் சேர்ந்த டினோ டினி என்பார் அமிகா, அட்டாரி எஸ்.டி. ஆகிய கணினிகளுக்கு ஆக்கிய ‘கிக் ஆஃப்’ என்னும் ஆட்டம் இவ்வொட்டுறவை அறுத்தெறிந்தது. அதில் பந்து வேறு, ஆட்டக்காரன் வேறு. ஓடுவோன் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட, அஃது அவனுக்கு முன்னே உருளும். அவன் திடுமெனத் திரும்பினால் பந்து திரும்பாது. தான் சென்ற வழியே செல்லும். புதிதாக ஆடத் தொடங்கியோர் பத்தடி ஓடுவதற்குள் பந்தை இழந்து மயங்கினர். பழகியோர், விரைவைக் குறைக்கவும் பந்தை அடக்கி நிறுத்தவும் கற்றனர். படத்தை நோக்கின் அவ்வாட்டத்தில் மெய்ம்மை சிறிதும் இல்லை. மேலிருந்து நோக்கியவாறு வரையப்பட்ட சிற்றுருவங்களே அங்கு ஓடின. ஆயினும் பந்தைக் காத்தல் அரிது என்னும் உண்மையை அது விரலுக்கு உணர்த்திற்று. கண்ணுக்குத் தோன்றும் மெய்ம்மை வேறு, கைக்குத் தோன்றும் மெய்ம்மை வேறு என்பது அன்றே விளங்கிவிட்டது.

விடுதலை பெற்ற பந்தால் மற்றொரு சிக்கல் எழுந்தது. அக்காலத்து ஜாய்ஸ்டிக் என்னும் இயக்குகோலில் பெரும்பாலும் ஒரு பொத்தானே பயன்பட்டது. மெய்யான களத்தில் உதைப்போன், பந்தின் நடுவில் உதைப்பதா, ஓரத்தில் உதைப்பதா என்று தன் பாதத்தாலேயே முடிவு செய்கிறான். ஓரத்தில் உதைத்தால் பந்து சுழலும். சுழலும் பந்தின் ஒரு மருங்கில் காற்று அச்சுழற்சியோடு விரைந்து செல்லும். மறு மருங்கில் தடைப்படும். அதனால் பந்து ஒரு பக்கமாகத் தள்ளுண்டு வளைந்து பறக்கும். இதனை ஆராய்ந்த மாக்னஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பெயரால் இது மாக்னஸ் விளைவு எனப்படும். 1997-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் பிரான்சு நாட்டு லியோன் நகரில், பிரேசில் வீரர் ராபர்ட்டோ கார்லோஸ் ஏறத்தாழ 35 மீட்டர் தொலைவிலிருந்து உதைத்த பந்து, தடுப்புச்சுவராக நின்றோரைச் சுற்றி வளைந்து, கம்பத்தின் உட்புறம் பட்டு வலைக்குள் புகுந்தது. கோல்காப்பாளர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இத்தகைய உதையை ஒரே பொத்தான் எங்ஙனம் அறியும்? பொத்தானுக்கு நடுவும் இல்லை, ஓரமும் இல்லை.

1990-இல் வந்த ‘கிக் ஆஃப் 2’, 1992-இல் வந்த ‘சென்சிபிள் சாக்கர்’ ஆகியவை இதற்கு ஒரு சூழ்ச்சி கண்டன. பந்து காலை விட்டு அகன்ற பின்பும் ஒரு கண நேரம் அது ஆடுவோனின் ஆணைக்கு உட்படும். அக்கணத்தில் கோலை இடப்புறம் சாய்த்தால் பந்து இடப்புறம் வளையும். வலப்புறம் சாய்த்தால் வலப்புறம் வளையும். இயற்பியல் நோக்கில் இது முழுப்பொய். காலை விட்ட பந்து எவன் சொல்லையும் கேளாது. ஆயினும் இப்பொய்யினால் விளைவது மெய்யான வளைவு. உதைக்கும்போது பாதம் சொல்லவேண்டியதை, உதைத்த பின்னர் விரல் சொல்கிறது. காலம் சற்று மாறியது, அவ்வளவே. இச்சூழ்ச்சி போலும் நுட்பம் பிற்காலத்துப் பேரியந்திரங்களிலும் அரிதாகவே காணப்படுகிறது.

தமிழ் பயின்றோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் அகத்திணையியலில் புலவரது நெறியை நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் அமைந்ததாகக் கொண்டார். உலகில் நிகழ்வதை நிகழ்ந்தவாறே கூறுவது ஒன்று. சுவைபடப் புனைந்து அமைப்பது மற்றொன்று. இரண்டும் கலந்தே செய்யுள் நடக்கும். திரையிற் பந்தாட்டமும் அவ்வாறே. மெய்யான ஆட்டம் 90 நிமிடம் நடைபெறும். திரையாட்டத்தை அரைப்பகுதிக்கு 6 நிமிடமாக 12 நிமிடத்தில் முடிப்போர் உண்டு. களத்தில் 90 நிமிடத்திற்கு இரண்டு மூன்று கோல்கள் விழுமாயின், அக்கணக்கில் 12 நிமிடத்திற்கு அரைக்கோலும் விழாது. ஆகவே ஓட்டமும் உதையும் தவறும் நெருக்கித் தொடுக்கப்படுகின்றன. உலகியல் மட்டுமே வேண்டும் என்போன் 90 நிமிடமும் அமர்ந்து, பெரும்பகுதி நேரம் பந்து பக்கவாட்டில் உருள்வதைக் காணவேண்டும்.

1993-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அது களத்தைச் சாய்கோணத்தில் காட்டிற்று. கூட்டத்தின் ஆரவாரத்தையும் ஒலித்தது. தொலைக்காட்சியில் போட்டியைக் காண்பது போன்ற தோற்றம் உண்டாயிற்று. ஆனால் அதன் கோல்காப்பாளர் பந்தை உதைக்கும் வேளையில் எதிரணியான் ஒருவன் அவர் முன் சென்று நின்றால், பந்து அவன்மேற் பட்டுத் திரும்பி வலைக்குள் விழுந்துவிடும். தோற்றம் வளர்ந்த விரைவில் அறிவு வளரவில்லை.

பின்னர்க் கையிலுள்ள கருவி வளர்ந்தது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் கருவியில் முக்கோணம், வட்டம், பெருக்கற்குறி, சதுரம் ஆகிய நான்கு குறிகள் பொறித்த பொத்தான்கள் வந்தன. 1997-இல் இரு சிறு சாய்கோல்களும் சேர்ந்தன. குறும்பாஸ், நெடும்பாஸ், ஊடுபாஸ், கோலுதை என ஒவ்வொன்றிற்கும் ஒரு பொத்தான் அமைந்தது. பொத்தானை அழுத்தியிருக்கும் நேரமே உதையின் வலிமை ஆயிற்று. ஜப்பானியக் கோனாமி நிறுவனத்தின் ‘புரோ எவல்யூஷன் சாக்கர்’ ஆட்டத்தில் வழக்கமாகச் சதுரம் கோலுதைக்கு உரியது. வட்டம் பந்தை உயரத் தூக்குதற்கு உரியது. ஃபிஃபா ஆட்டத்திலோ இவ்விரண்டும் தலைமாறி நின்றன. ஒன்றில் தேர்ந்தவன் மற்றொன்றை ஆடும்போது, கோல் முகத்தில் நின்று பந்தை வானுக்குத் தூக்கி நகைப்புக்கு இடமாவான்.

திசைப் பொத்தான் எட்டுத் திசைகளையே அறியும். அடுத்தடுத்த இரு திசைகளுக்கு இடையே 45 பாகை உண்டு. தோழன் அவ்விரண்டின் நடுவே நின்றால், 20 மீட்டர் தொலைவில் பந்து அவனை விட்டு ஏறத்தாழ 8 மீட்டர் விலகிச் செல்லும். ஆகவே, ஆடுவோன் எவனைக் கருதினான் என்று இயந்திரமே ஊகித்துப் பந்தை அவன் காலடிக்குத் திருத்தி அனுப்ப வேண்டியதாயிற்று. 2009-இல் வெளிவந்த ‘ஃபிஃபா 10’ பந்தை எடுத்துச் செல்லுதற்கு 360 பாகையையும் திறந்துவிட்டது. தேவை குறைந்தது, இயந்திரத்தின் உதவி போகவில்லை. உதவியோடு ஆடுவதா, உதவியின்றி ஆடுவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை ஆடுவோனுக்கு உண்டு. உதவியின்றி ஆடுவோனின் முதற்பத்துப் பாஸ்களில் ஏழெட்டு வெளியே போகும். உதவியோடு ஆடுவோனின் பாஸ்கள் இடம் சேரும். ஆனால் அந்தப் பாஸ் யாருடையது? அவன் எண்ணியதா, இயந்திரம் எண்ணியதா? தவறியபோது இயந்திரத்தைப் பழிப்பவன், தவறாதபோது அதற்குப் பங்கு தருவதில்லை.

எல்லாவற்றினும் கடினமானது உடலின் கனம். முழு விரைவில் ஓடும் மனிதன் நினைத்தவுடன் திரும்ப இயலாது. விரைவைக் குறைத்து, ஒரு காலை ஊன்றி, இடுப்பைச் சாய்த்து, மறு காலை எடுத்து வைத்தே திரும்புவான். திரையிலோ நொடிக்கு 60 படங்கள் மாறுகின்றன. ஒரு படத்திற்கு உரிய காலம் 17 மில்லிநொடி அளவே. விரல் அசைந்த மறுபடத்திலேயே உருவமும் திரும்புமாறு அமைத்தால், ஆட்டக்காரன் பம்பரம்போலச் சுழல்வான். அவன் பாதங்கள் புல்மேல் வழுக்கும். கண் அதனை நம்பாது. ஊன்றிய கால் எழும்வரை ஆணை காத்திருக்குமாறு அமைத்தால், கண் நம்பும், விரல் சினங்கொள்ளும். தான் இட்ட ஆணைக்கு உருவம் உடனே இணங்காதபோது, தன் கை கட்டுண்டதாகவே ஆடுவோன் உணர்கிறான். பந்து காலை அடையும் முன்னரே அழுத்திய பொத்தானை இயந்திரம் நினைவில் வைத்திருப்பதும் உண்டு. இடையில் நிலைமை மாறிவிடின், வேண்டாத அவ்வுதையை உருவம் உதைத்தே தீரும்.

இவ்விரு நலன்களும் ஒன்றையொன்று தின்பவை. ஒவ்வோர் ஆண்டும் ஆட்டத்தை ஆக்குவோர் தராசின் தட்டைச் சிறிது இப்புறமும் சிறிது அப்புறமும் தாழ்த்துகின்றனர். 2021-இல் ‘ஃபிஃபா 22’ ஆட்டத்திற்காக இருபத்திரண்டு வீரர்களுக்கு உணர்கருவிகள் பொருத்திய உடை அணிவித்து, முழு விரைவில் ஆடச்செய்து, அசைவுகளைப் பதிந்தனர். அசைவுகளின் தொகை பெருகினால், எந்நிலையிலிருந்தும் எந்நிலைக்கும் விரைந்து செல்ல ஒரு மெய்யான வழி கிடைக்கும் என்பதே கருத்து. அதே ஆண்டில் கோனாமி நிறுவனம் தன் ஆட்டத்தை ‘ஈஃபுட்பால்’ என்னும் புதுப்பெயரில் வெளியிட்டபோது, வீரர்களின் முகங்கள் கோணியும் அசைவுகள் பிறழ்ந்தும் தோன்ற, நிறுவனமே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

தடுப்பாட்டத்தில் நிகழ்ந்த மாற்றமும் கருதத்தக்கது. முன்னர், ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் தடுப்போன் தானே பந்துடையவனைத் துரத்திப் பற்றுவான். 2011-இல் வந்த ‘ஃபிஃபா 12’ அப்பழக்கத்தைக் கெடுத்தது. எதிரியை நெருங்கி, இடைவெளி விட்டு நின்று, அவன் தவறும் கணம் நோக்கிக் காலை நீட்டவேண்டும். முந்தினால் ஏமாற்றம், பிந்தினால் கோல். துரத்துதலே தடுத்தல் என்று எண்ணியிருந்தோர் முதலில் மனம் புழுங்கினர். மெய்யான களத்திற் சிறந்த தடுப்பாளர் பலர், காலை நீட்டாமலே பந்தைப் பெறுபவர் அல்லரோ!

ஒருவன் கைக்கு ஒருவனே உட்படுவான். ஏனைய தோழரைக் கணினியே நடத்தும். பெனால்டி உதையில் மட்டும் இக்குறை தோன்றாது. அங்கே ஒருவனுக்கு ஒருவனே எதிர். 11 மீட்டர் தொலைவிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் வரும் பந்து அரை நொடிக்குள் கோலை அடையும். ஆதலின் கோல்காப்பாளர் பந்தைக் கண்டபின் பாய்வதினும், உதைப்போனின் இடுப்பையும் ஊன்றுகாலையும் நோக்கிப் பாயும் பக்கத்தை முன்னரே துணிவார். திரையாட்டத்திலும் அப்படியே. ஒரே பலகையில் அருகருகே அமர்ந்த சிறுவர் இருவருள், காப்போன் திரையை நோக்காது உதைப்போனின் கட்டைவிரலையே ஓரக்கண்ணால் நோக்குவான். உதைப்போன் கருவியை முழங்காலின் கீழ் மறைத்துக்கொள்வான்.