அந்தியிலும் காணும் கண்

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னே கதிரவன் மறைந்ததும் கடையநல்லூர் வயல்களில் அரையிருள் படர்கிறது. அப்போதும் வரப்பைக் காட்டுபவை விழித்திரையின் குச்சி செல்கள். அவற்றிலுள்ள ரோடாப்சின் ஒளியை ஏற்கிறது. அச்செய்தி டிரான்ஸ்டியூசின் வழியாகப் பாஸ்போடைஎஸ்டரேஸ் 6 என்னும் நொதியை அடைகிறது. அந்நொதி சைக்ளிக் ஜி.எம்.பி. மூலக்கூறுகளைச் சிதைக்க, செல்சவ்வின் வாயில்கள் மூடுகின்றன. ஒளி, நரம்புச் செய்தியாகிறது.

மாலைக்கண் அனைத்தும் வைட்டமின் ஏ குறைவால் வருவதன்று. மரபணுப் பிழையால் இந்நொதி பழுதுற்றாலும் மாலைக்கண் தோன்றும். பின்னர்ப் பார்வை படிப்படியாகச் சுருங்கும். அதனைக் கீரை தீர்க்காது.

நொதியின் இருப்பை அறிய உதவுவது எதிர்ப்பொருள். அது தனக்குரிய புரதத்தைத் தேடிப் பற்றும். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை விழித்திரையின் மெல்லிய சீவலில் இட்டால், நொதி உள்ள இடம் நுண்ணோக்கியில் ஒளிரும். ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து உருவாக்கும் முறையைக் கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் வெளியிட்டனர். 1984இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

எனினும், எதிர்ப்பொருள் சிலபோது வேறு புரதத்தையும் பற்றும். ஆகவே, அந்நொதியே இல்லாத எலியின் விழித்திரையிலும் அதனை இட்டுப் பார்ப்பர். அங்கும் ஒளிர்ந்தால் அச்சான்று ஏற்கப்படாது. கண்டதை நம்புமுன் காட்டிய கருவியைச் சோதிப்பதே அறிவியல் நெறி.

சிந்திக்க: நொதி இல்லாத விழித்திரையில் சோதிக்காவிடில் நேரும் பிழை யாது?