உடைமையும் உரிமமும்

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கு உரியது. அதனைத் தன் இல்லத்தில் வைத்துக்கொள்ளப் பிறரிடம் இசைவு பெற வேண்டுவதில்லை. இஃது உலக வழக்கு. ஆயினும், வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் நெடுங்காலம் இவ்வழக்கிற்குப் புறம்பாக நின்றன. விலை கொடுத்து வாங்கிய பின்னரும், ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றால்தான் அவற்றை வைத்திருக்கலாம் என்பது நம் நாட்டுச் சட்டமாய் இருந்தது. அச்சட்டம் ஏன் தோன்றியது? ஏன் மறைந்தது? அது மறைந்த பின்னர் அச்செலவை ஏற்பவர் யாவர்? இவற்றை ஆராய்தல் பயனுடையதாகும்.

1927ஆம் ஆண்டில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலி நிலையங்களை அமைத்தது. பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்தினர். அதன் பெரும்பகுதி கம்பெனியைச் சேர்ந்தது. ஆனால், கட்டணம் செலுத்தாமலே கேட்டு மகிழ்ந்தோரும் உளர். நாடகக் கொட்டகைக்கு வாயில் உண்டு. சீட்டு இல்லாதவனை வாயில் காப்போன் தடுப்பான். வானில் பரவும் ஒலிக்கோ வாயிலும் இல்லை, காப்போனும் இல்லை. வருவாய் செலவிற்குப் போதாமல், 1930ஆம் ஆண்டில் அக்கம்பெனி கலைந்தது. ஒலிபரப்பும் பொறுப்பு அரசிடம் சேர்ந்தது.

அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். அது கருவியை நிறுவுதலையும் இயக்குதலையும் பற்றியதேயன்றி, வெறுமனே வைத்திருத்தலைக் குற்றமாக்கவில்லை. மூடிய கதவிற்குள் ஒருவன் பெட்டியை இயக்கினான் என்று மெய்ப்பிப்பது எளிதன்று. இக்குறையை நீக்க 1933ஆம் ஆண்டில் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இயற்றப்பட்டது. 1934 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமமின்றிப் பெட்டியை வைத்திருத்தலே குற்றம் என அது விதித்தது. முதற் குற்றத்திற்கு 100 ரூபாய் வரையிலும், மீண்டும் செய்த குற்றத்திற்கு 250 ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாயிற்று. இவ்வாறு, பயன்பாட்டின்மேல் இருந்த சட்டம் உடைமையின்மேல் வந்து நின்றது.

பெட்டி எவர் ஆட்சிக்குட்பட்ட இடத்தில் இருக்கிறதோ, அவரே அதனை உடையவர் எனக் கொள்ளவும் அச்சட்டம் நீதிமன்றத்திற்கு இடமளித்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தையற் கூடத்தில் வானொலி பாடுவதாகக் கொள்வோம். பாட்டைக் கேட்டுக்கொண்டே தொழிலாளர் ஐம்பதின்மர் வேலை செய்யலாம். எனினும், உரிமம் எங்கே என்னும் வினா கூடத்தை ஆள்பவரை நோக்கியே எழும். கேட்போர் பலர், பொறுப்பாளர் ஒருவர் என்க.

சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும், கோவை நிலையம் 1966ஆம் ஆண்டிலும் தொடங்கின. தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டில் தில்லியிலும், 1975ஆம் ஆண்டில் சென்னையிலும் தோன்றியது. அதற்கும் உரிமம் வேண்டியிருந்தது. 1970களில் வானொலிக்கு ஆண்டுக்கு 15 ரூபாயும், தொலைக்காட்சிக்கு 50 ரூபாயும் கட்டணம். அஞ்சலகம் தந்த உரிமப் புத்தகத்தில் அதற்குரிய வில்லையை ஒட்டி முத்திரையிடுவர். ஆய்வாளர் வந்து கேட்டால் அப்புத்தகத்தைக் காட்டுதல் வேண்டும்.

காலம் மாறியது. டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிந்து, ஏழையர் குடிலிலும் இடம்பெற்றன. 1967ஆம் ஆண்டில் வானொலியிலும், 1976ஆம் ஆண்டில் தொலைக்காட்சியிலும் விளம்பரங்கள் புகுந்தன. வருவாய்க்கு வேறு வழி பிறந்தது. 1985ஆம் ஆண்டளவில் இவ்விரு பெட்டிகளுக்கும் உரிமக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆதலின், இன்று இந்தியாவில் வீட்டில் தொலைக்காட்சி வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டுவதில்லை. கேபிள் இணைப்பிற்குத் தரும் மாதக் கட்டணம் உரிமம் அன்று. அஃது ஒரு பணிக்குத் தரும் விலையே.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு உண்டு. சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்கள் உள்ளிட்ட பலரும் ஆண்டுக்கு 110 வெள்ளி செலுத்தி வந்தனர். 2011ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. பிரிட்டனில் உரிமம் இன்றும் உண்டு. ஆனால், அங்குப் பெட்டியை வைத்திருப்பதற்காக அன்று. ஒளிபரப்பாகும் வேளையிலேயே நிகழ்ச்சிகளைக் காண்பது போன்ற பயன்பாட்டிற்கே உரிமம் வேண்டும்.

கட்டணம் நீங்கியதனால் செலவும் நீங்கிற்றோ எனின், இல்லை. திருப்பூர்ப் பனியன் ஒன்றின் விலையில் நூலின் விலை உண்டு. சாயக் கூலி உண்டு. தையற் கூலி உண்டு. அப்பனியனைத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தால், அச்செலவும் அவ்விலையிலே அடங்கும். எனவே, பனியன் வாங்குபவன் தன்னை அறியாமலே தொலைக்காட்சிக்கும் பணம் தருகிறான். அரசு நிலையங்களுக்கு அரசு தரும் பணமோ மக்கள் செலுத்தும் வரியிலிருந்து வருவது. முன்பு பெட்டி உடையவன் மட்டும் செலுத்தினான். இன்று பெட்டி இல்லாதவனும் செலுத்துகிறான்.

இவ்விரண்டில் நேர்மையான முறை எது? பயன் பெறுவோரே செலவை ஏற்றனர் என்பது உரிமத்தின் சிறப்பு. ஆலை முதலாளிக்கும் அன்றாடக் கூலியாளுக்கும் ஒரே கட்டணம் என்பது அதன் குறை. விளம்பர முறை ஏழையின் வாயிலில் ஆய்வாளரை நிறுத்துவதில்லை. ஆனால், செலவை அவன் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தில் அனைவருக்கும் பங்குண்டு. அதன் செலவிலும் அனைவரும் பங்கேற்கின்றனர். ஆகவே, நல்ல நிகழ்ச்சிகளை வேண்டுதலும், தீயவற்றைக் கண்டித்தலும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரியன. உரிமச் சீட்டு மறைந்தது, உரிமை மறையவில்லை.

பயிற்சி

1. இந்திய ஒலிபரப்புக் கம்பெனி கலைந்தமைக்குக் காரணம் யாது?
2. 1885, 1933ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை விளக்குக.
3. "இன்று பெட்டி இல்லாதவனும் செலுத்துகிறான்" என்பதனை உங்கள் ஊரில் விற்கும் ஒரு பொருளைக் கொண்டு விளக்கி எழுதுக.