வெளிநாட்டு வேலை: கடன் தீர்மானம் போடும் முன் ஒரு பாடம்



ஜெயங்கொண்டம் பக்கத்து குழு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்கிறோம். முந்திரி உடைக்கும் வேலை செய்யும் ஓர் உறுப்பினர், துபாயில் வீட்டு வேலைக்குப் போக 50,000 ரூபாய் கடன் கேட்டார். "விசிட் விசாவுல போய் இறங்கினா போதும், அங்க வேலை விசாவா மாத்திக்கலாம்னு ஏஜெண்ட் சொல்றாருக்கா" என்றார். எட்டு வருஷமாக ஒழுங்காகக் கடன் கட்டியவர். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். ஊக்குநர் மட்டும், "அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று கேட்டார். உடனே ஒரு சகோதரி, "ஐ.நா. சபை, எம்பசி எல்லாம் எதுக்கு இருக்கு? அவங்க பாத்துக்க மாட்டாங்களா?" என்றார்.

நல்ல கேள்வி. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஆண்டிமடம் வரை, வெளிநாட்டில் ஒருவராவது இருக்கும் வீடுகள் நம் இரண்டு மாவட்டங்களிலும் நிறைய உண்டு. அதனால் இந்த இதழ்ப் பாடமாக அதையே எடுத்துக்கொள்கிறோம்.

உலக அமைப்புகள் என்ன செய்கின்றன?

உலக அமைப்பு என்றால் நமக்கு ரொம்ப தூரம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியபோது, பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியம் என்ற ஐ.நா. அமைப்புதான் நிதி உதவி செய்தது. திட்டத்தை நடத்தியது தமிழக அரசு. உலக அமைப்பு கை கொடுக்கும், நடக்க வேண்டியது அரசுதான். வெளிநாட்டு வேலை விஷயத்திலும் இதே கதைதான்.

இதில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்வோம். ஒன்று, ஐ.எல்.ஓ. என்கிற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு. 1919-ல் தொடங்கியது. இன்னொன்று, ஐ.ஓ.எம். என்கிற இடம்பெயர்வோருக்கான பன்னாட்டு அமைப்பு. 1951-ல் தொடங்கியது. இந்தியா 2008-ல் இதில் உறுப்பினர் ஆனது. இரண்டுக்கும் தலைமையகம் ஜெனீவா.

இவர்களிடம் போலீஸ் கிடையாது. எந்த முதலாளியையும் பிடித்து உள்ளே வைக்க முடியாது. அவர்கள் செய்வது நான்கு வேலைகள். தொழிலாளியை எப்படி நடத்த வேண்டும் என்று விதிகளை எழுதித் தருவது. அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது. ஆள் அனுப்பும் நாட்டையும் ஆள் எடுக்கும் நாட்டையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேச வைப்பது. போர் போன்ற ஆபத்தில் சிக்கியவர்களைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவர உதவுவது.

நடந்து முடிந்த மூன்று சம்பவங்கள்

முதலாவது, குவைத். 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. நம் மக்கள் பாலைவனம் தாண்டி ஜோர்டான் நாட்டு அம்மான் நகருக்கு வந்து சேர்ந்தார்கள். இந்திய அரசு இரண்டு மாதத்தில் 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேரைக் கொண்டுவந்தது. தங்கள் அரசால் விமானம் அனுப்ப முடியாத பல ஏழை நாட்டுத் தொழிலாளிகளை ஊருக்கு அனுப்பும் பொறுப்பை ஐ.ஓ.எம். ஏற்றது. பிறகு 1991-ல் ஐ.நா. ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. ஈராக்கின் எண்ணெய்ப் பணத்திலிருந்து, வேலையை விட்டு ஓடிவந்த தனி ஆளுக்கு 2,500 டாலர் அல்லது 4,000 டாலர் என்று கணக்குப் போட்டது. மனுக்களைச் சேர்த்து அனுப்பியதும், வந்த பணத்தைப் பிரித்துக் கொடுத்ததும் அந்தந்த நாட்டு அரசுகள். மனு போட்டவர், தான் அங்கிருந்து கிளம்பியதற்கு ஒரு சின்ன ஆதாரமாவது காட்ட வேண்டியிருந்தது.

இரண்டாவது, லெபனான். 2006-ல் அங்கே குண்டு விழுந்தபோது ஆயிரக்கணக்கான வீட்டு வேலைப் பெண்கள் சிக்கிக்கொண்டார்கள். இலங்கைப் பெண்கள் நிறைய பேர். பலருடைய பாஸ்போர்ட் முதலாளி வீட்டில் இருந்தது. தூதரகங்களும் ஐ.ஓ.எம்.மும் சேர்ந்து மாற்றுப் பயணத்தாள் ஏற்பாடு செய்து, சிரியா வழியாக ஊருக்கு அனுப்பின.

மூன்றாவது, கத்தார். தொழிலாளிகள் மோசமாக நடத்தப்படுவதாக 2014-ல் ஐ.எல்.ஓ.வில் புகார் ஆனது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2018-ல் ஐ.எல்.ஓ. தோஹாவிலேயே அலுவலகம் திறந்தது. 2020-ல், முதலாளி அனுமதி இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம் என்று அந்த நாடு சட்டம் போட்டது. 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச சம்பளம் என்று ஆனது. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். சட்டம் வந்ததாலேயே கஷ்டம் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் உரிமை எழுத்தில் இருக்கிறது.

இந்த மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். உதவி வந்தது அரசு வழியாக. "இன்னார் இன்ன இடத்தில் இன்ன வேலையில் இருக்கிறார்" என்று எழுத்தில் இருந்தவர்களுக்கு அது சீக்கிரம் கிடைத்தது. பதிவில் இல்லாதவரை முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குழுவில் தீர்மான நோட்டில் ஏறாத கடனுக்கு யாரும் பொறுப்பில்லை அல்லவா, அது மாதிரி.

நம் நாட்டில் உள்ள வாசல்

இந்தியாவில் 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர். வகையில் வரும். சவூதி, குவைத், துபாய், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதி வேண்டும். இந்த அலுவலகம் சென்னையில் உள்ளது. இதைத் தடை என்று நினைக்காதீர்கள். வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளி விவரம் எல்லாம் இ-மைக்ரேட் என்ற அரசுப் பதிவில் ஏறுவது இந்த வழியில்தான். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் இதோடு வருகிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

பெண்களுக்குத் தனி விதிகள் உண்டு. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016-ல் மத்திய அரசு, இந்தப் பெண்களைத் தனியார் ஏஜெண்ட் அனுப்பக் கூடாது, அரசு நிறுவனங்களே அனுப்ப வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு 1978-லிருந்தே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது ஐ.எல்.ஓ. 2016-ல் வெளியிட்ட நெறிமுறை. நம் விதிப்படி லைசென்ஸ் உள்ள ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம், அதுவும் ரசீதோடு. அதற்கு மேல் கேட்டால் விதி மீறல்.

விசிட் விசாவில் என்ன ஆபத்து?

விசிட் விசா, சுற்றிப் பார்ப்பவருக்கான அனுமதி. அதில் போனால் இ-மைக்ரேட்டில் பெயர் ஏறாது. ஒப்பந்தம் இல்லை. அந்தக் காப்பீடும் இல்லை. சம்பளம் தராவிட்டால் காட்ட ஒரு தாள் கிடையாது. விசா நாள் முடிந்ததும் அந்த நாட்டுச் சட்டப்படி நாம்தான் குற்றவாளி. இந்தியக் குடிமகள் என்பதால் தூதரகம் கைவிடாது. ஆனால் வேலை பார்த்த கூலியை வாங்கித் தருவது கஷ்டம். உயிரோடு ஊர் வந்து சேரலாம். ஆனால் வாங்கிய கடன் வாசலில் நிற்கும்.

கடன் கொடுக்கும் முன் குழு கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. விசாவில் "வேலை" என்று எழுதியிருக்கிறதா? படித்த பிள்ளை ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.
2. ஏஜெண்டின் லைசென்ஸ் எண் என்ன? இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா?
3. ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், விடுமுறை எவ்வளவு? நகல் வீட்டில் இருக்கிறதா?
4. கொடுத்த பணத்துக்கு ரசீது உண்டா?
5. பாஸ்போர்ட், விசா நகல்களும் முதலாளி முகவரியும் வீட்டில் வைத்திருக்கிறார்களா?

ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகே தீர்மானம் எழுதுங்கள்.

ஏற்கெனவே போய் சிக்கியவர்களுக்கு

வெளியுறவுத் துறையின் இலவச உதவி எண் 1800 11 3090. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். 2015-லிருந்து மதத் என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் பாஸ்போர்ட் நகலோடு மனு கொடுங்கள். வெளிநாட்டுத் தமிழர் நலத்துக்கென்றே தமிழக அரசில் தனி ஆணையரகம் இருக்கிறது. வழியில்லாமல் தவிப்பவருக்குத் தங்க இடம், டிக்கெட், இறந்தவர் உடலை அனுப்பும் செலவு ஆகியவற்றுக்காக 2009-ல் இந்திய சமூக நல நிதி தொடங்கப்பட்டு, தூதரகங்கள் வழியாகச் செலவாகிறது.

அந்தச் சகோதரி என்ன ஆனார்?

குழு ஒரு வாரம் தவணை சொன்னது. உறுப்பினர் ஏஜெண்டிடம் லைசென்ஸ் எண்ணும் ஒப்பந்த நகலும் கேட்டார். இரண்டு நாள் "அனுப்புறேம்மா" என்றவர், மூன்றாம் நாளிலிருந்து போனை எடுக்கவில்லை. அவர் இப்போது அரசு நிறுவனத்தில் பெயர் பதிந்துவிட்டு, அழைப்புக்குக் காத்திருக்கிறார். "லேட்டானாலும் பரவால்லக்கா, தெரிஞ்சு போறேன்" என்கிறார்.

போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போகிறவர் பெயர் பதிவில் ஏறிப் போகட்டும். ஜெனீவாவில் எழுதும் விதி நம் ஊர்ப் பெண்ணுக்கு வந்து சேர வேண்டுமானால், அதற்கான கேள்வியை முதலில் நம் குழுப் பாயில் உட்கார்ந்து நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுக் குடும்பங்களில் வெளிநாட்டில் இருப்பவர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருடைய பாஸ்போர்ட் நகல் வீட்டில் இருக்கிறது? கணக்கெடுத்து நோட்டில் எழுதி வையுங்கள்.