ஐந்து காசுத் தண்டம்

கீழப்பாவூரில் இணைய விளையாட்டு வடிவமைக்கத் தொடங்கியிருக்கும் இளம் கலைஞருக்கு,

இணையவழிக் குழு விளையாட்டில், உடன் ஆடும் ஒருவரை ஆட்டத்தின் நடுவிலேயே வாக்கெடுத்து வெளியேற்றும் உரிமை ஆட்டக்காரர்களுக்கு இருக்கலாமா என்பது, திரையில் ஒரு சிறு பலகையை வைப்பதா வேண்டாமா என்ற தொழில்நுட்பக் கேள்வியைப் போலத் தோன்றினாலும், ஓர் ஊர் தன்னுள் ஒருவரை எந்த நியாயத்தின் பேரில் விலக்கிவைக்கலாம் என்ற மிகப் பழைய கேள்வியே ஆகும். ஆட்டக்காரர்கள் ‘ஓட் கிக்’ என்று சொல்லும் இம்முறையில், குழுவில் ஒருவர் மற்றொருவரின் பெயரைச் சுட்டி வாக்கெடுப்பைத் தொடங்குகிறார். மற்றவர்களின் திரையோரத்தில் சில நொடிகளுக்கு ஒரு பலகை எழுகிறது. வேண்டிய வாக்குகள் விழுந்ததும் சுட்டப்பட்டவர் அகற்றப்படுகிறார். இதைத் தம் விளையாட்டில் வைக்க எண்ணும் வடிவமைப்பாளர் அதை வைக்கக் கூடாது என்பதே இக்கடிதத்தின் துணிபு.

எனினும், இம்முறை தீர்க்க வந்த துன்பம் உண்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐவர் கொண்ட குழுவில் ஒருவர், ஆட்டம் தொடங்கியதும் விசைப்பலகையை விட்டு எழுந்து போய்விடுகிறார்; ‘ஏ.எஃப்.கே.’ என்பது அவருக்கு வழங்கும் பெயர். இன்னொருவர், தோற்கடிப்பதற்கென்றே ஆடுபவராக, கதவை மறித்து நிற்கிறார், சொந்தக் குழுவின் கண்முன்னே ஒளிக்குண்டை வீசுகிறார், மைக்கில் ஓயாமல் வசை பொழிகிறார். இவரை ‘கிரீஃபர்’ என்பர். ஒருவரின் இந்த நடத்தையால் மற்ற நால்வர், பள்ளியோ வேலையோ முடித்து வந்து ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய அரைமணி நேரத்தைப் பறிகொடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நிவாரணமும் தராத வடிவமைப்பாளர், குற்றம் செய்தவருக்குத் துணை நிற்பவராகவே ஆவார்.

ஆனால் வாக்கெடுப்பு அந்த நிவாரணமாக இருக்க முடியாது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். ஐவர் குழுவில் ஒருவரை அகற்ற, மீதமுள்ள நால்வரில் மூவரின் வாக்குப் போதும் என்று விதி வகுத்தால், முன்பே கூடிப் பேசிச் சேர்ந்து வந்த மூன்று நண்பர்கள், அறிமுகமற்ற மற்ற இருவரில் எவரையும் எப்போது வேண்டுமானாலும் வெளியே தள்ளிவிடலாம். அதைத் தடுக்க நால்வரின் வாக்கும் வேண்டும் என்று விதியை இறுக்கினால், இரண்டு நண்பர்களாக வந்தவர்களில் ஒருவர் என்ன அக்கிரமம் செய்தாலும், மற்றவர் ‘இல்லை’ என்று ஒரு வாக்கைப் போட்டே அவரைக் காப்பாற்றிவிடலாம். மூன்று என்று வைத்தால் தனியாள் பலியாகிறார். நான்கு என்று வைத்தால் துணையுள்ள குற்றவாளி தப்புகிறார். இரண்டுக்கும் நடுவே வேறோர் எண் இல்லை. இரு நிலையிலும் தீர்ப்பைத் தருவது குற்றம் அன்று, உடன் வந்த ஆள்பலமே. கூடுகிற கூட்டத்தில் தன் பக்கத்து ஆட்களின் தலையை எண்ணிவிட்டுப் பேசத் தொடங்கும் ஊர்ப் பெரியதனம் எப்படி நடக்கும் என்பதைக் கண்ட எவருக்கும் இக்கணக்கு புதிதாக இராது.

வாக்களிக்கும் கணத்தை அருகிலிருந்து நோக்கினால் இன்னொன்றும் புலப்படும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் ‘எஃப்1’ விசை ஆம் என்பதற்கும், ‘எஃப்2’ விசை இல்லை என்பதற்கும் உரியன. எதிரி வரும் வழியைப் பார்த்தபடி, வலக்கை மவுசிலும் இடக்கை விசைகளிலும் பதிந்திருக்கும் ஆட்டக்காரரின் திரையோரத்தில் ஒரு பெயர் மட்டும் எழுகிறது. அப்பெயருக்கு உரியவர் என்ன செய்தார் என்பதற்குச் சான்று எதுவும் உடன் வருவதில்லை. கைக்கு எட்டும் விசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் ஆட்டத்துக்குத் திரும்புகிறார். விசாரணையும் சாட்சியும் எதிர்வாதமும் அந்த ஒரு தட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. மைக்கில் பெண் குரல் கேட்டதும், அல்லது இந்தி பேசும் நால்வர் நடுவே தென்காசித் தமிழ் கேட்டதும் அந்தப் பலகை எழுமாயின், அது எதற்காக எழுந்தது என்பதைப் பின்னர் எவராலும் நிறுவ முடியாது. அவ்விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனமே, சக ஆட்டக்காரர்களை அளவுக்கு மீறி வெளியேற்றியவர்களுக்குச் சிறிது காலம் ஆடத் தடை விதிக்கும் ஏற்பாட்டைச் சேர்க்க நேர்ந்தது, அவ்வுரிமை எவ்வளவு எளிதில் தவறாகப் பயன்படுத்தப்படும் என்பதற்கு வடிவமைத்தவர்களே தந்த வாக்குமூலம் எனலாம். அதே நிறுவனம் 2007இல் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரெஸ் 2 விளையாட்டில் நிலை மேலும் சீர்கெட்டது: ‘பாட்’ எனப்படும் தானியங்கி ஆட்டக்காரர்கள் கூட்டமாகப் புகுந்து, தம்மை வெளியேற்ற வாக்குக் கோரிய மனிதர்களையே பெரும்பான்மை வாக்கால் வெளியேற்றின. 2022 மே மாதம் அவ்விளையாட்டின் அன்பர்கள் உலகெங்கும் குரல் எழுப்பியதற்கு இத்தொல்லையே காரணம்.

தவிர்க்கப்படுபவர் எப்போதும் தீயவராக இருப்பார் என்ற எண்ணமும் தவறு. 2016இல் வெளிவந்த ஓவர்வாட்ச் விளையாட்டில், விரும்பாதவருடன் இனி ஆடாமல் விலகும் வசதி ஒன்று தொடக்கத்தில் இருந்தது. தொலைவிலிருந்து சுடும் விடோமேக்கர் என்ற பாத்திரத்தை ஆடுவதில் தலைசிறந்த ஒருவர், பண்பிலும் குறையற்றவர், அவரை எதிர்கொள்ள அஞ்சிய எண்ணற்றோர் அவ்வசதியால் அவரை விலக்கியதன் விளைவாக, ஆட்டம் கிடைக்காமல் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்ததைக் கண்ட பிளிசர்ட் நிறுவனம், அவ்வசதியை அதே ஆண்டு நீக்கிவிட்டது. திறமையே அங்கு விலக்குக்குக் காரணமாயிற்று.

பண்டைய ஏதென்ஸ் நகரில் குடிமக்கள் பானை ஓட்டில் பெயர் கீறி ஒருவரைப் பத்தாண்டுக்கு நாடுகடத்தும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்திலும், அவ்வாண்டு அத்தகைய வாக்கெடுப்பு வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு, சில வாரங்கள் கழித்தே பெயரைக் கேட்டார்கள். ஆறாயிரம் வாக்கு வேண்டும் என்ற வரம்பும் இருந்தது. போனவரின் சொத்தும் குடியுரிமையும் பறிபோகவில்லை. இத்தனை காப்பு இருந்தும், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒருவருக்கொருவர் பகைவரான நிக்கியாஸ், அல்கிபியாடீஸ் என்னும் இருவர், தம் ஆட்களை ஒன்றுசேர்த்து ஹைப்பர்போலஸ் என்ற மூன்றாமவரை வெளியேற்றினர். அதன் பிறகு ஏதென்ஸ் அம்முறையைக் கையாளவே இல்லை. சேர்ந்து வந்த மூன்று நண்பர்களின் கணக்கு அங்கும் அதே கணக்குத்தான்.

தென்காசி மாவட்டத்து இளைஞருக்கு ஏதென்ஸ் வரை போக வேண்டிய தேவையும் இல்லை. 2022 செப்டம்பரில், சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில், பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பள்ளிக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டிருப்பதால் இனித் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் கூறியனுப்பிய காணொளியைத் தமிழகம் முழுவதும் கண்டது. அக்குழந்தைகள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. கூட்டம் கூடிற்று, பெரும்பான்மை முடிவெடுத்தது, காசோடு நின்ற கை வெறுமையாகத் திரும்பிற்று. விளையாட்டில் வெளியேற்றப்படுவதும் சாதியின் பேரால் விலக்கப்படுவதும் ஒன்றென்று சொல்வது அக்குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி; ஆயினும் காரணம் காட்டத் தேவையில்லாத பெரும்பான்மை என்ற கருவி இரண்டுக்கும் பொதுவானது, அக்கருவியைப் புதிதாகச் செய்து பிறர் கையில் கொடுப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். அந்நிகழ்ச்சி வழக்கான பின் நடந்ததும் கருதத்தக்கது. குற்றம் சாட்டப்பட்ட ஐவர் ஆறு மாத காலம் அவ்வூருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலிச் சிறப்பு நீதிமன்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆணையிட்டது. இதுவும் வெளியேற்றமே, ஆனால் செயல் குறிக்கப்பட்டது, காலம் வரையறுக்கப்பட்டது, ஆணையிட்டது அந்தச் சண்டையில் ஒரு தரப்பாக இல்லாத நீதிமன்றம்.

இவற்றினும் நுட்பமான பாடம் கீழப்பாவூருக்குக் கிழக்கே, திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள மானூரில் கிடைக்கிறது. மாறஞ்சடையன் என்னும் பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 800இல் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையில் யார் அமரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை விதிக்கிறது. சபையில் எடுக்கப்படும் எதற்கும் மறுப்பே சொல்லிக் காரியம் நடவாமல் குலைப்பவர்களைப் பற்றியும் அது பேசுகிறது. இக்கால ஆட்டக்காரர் ‘கிரீஃபர்’ என்று எவரைச் சுட்டுகிறாரோ, ஏறக்குறைய அவரேதான் இவர். அவருக்கு விதித்த தண்டனை வெளியேற்றம் அன்று. அவ்வாறு குலைத்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும், அவருக்குத் துணை நின்றவர்களும் கட்ட வேண்டும், கட்டிய பின்னும் அதே விதிகளுக்கு உட்பட்டே அவர்கள் நடக்க வேண்டும். அச்சபை நிலப்பங்குடைய அந்தணருக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், உழுதவருக்கு அங்கு இடமே இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குறை பெரிது. ஆனால் தண்டத்தை ஆளுக்கு வைக்காமல் செயலுக்கு வைத்ததும், துணை நின்ற நண்பரையும் கணக்கில் கொண்டதும், மேற்சொன்ன மூன்றா நான்கா என்ற முடிச்சை அவிழ்க்கும் வழியை ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு முன்பே காட்டிவிட்டன.

ஆகவே இளம் வடிவமைப்பாளர் பிரித்துச் செய்ய வேண்டியவை சில உண்டு. எழுந்து போனவரைக் கண்டறிய வாக்கு வேண்டியதில்லை. குறித்த நேரம் விசை அசையாவிட்டால் நிரலே அவரை அகற்றி, திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். வசை பேசுபவரின் குரலைத் தம் காதில் விழாமல் அடைக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். அதற்குப் பிறர் சம்மதம் எதற்கு? எஞ்சுவது வேண்டுமென்றே குலைப்பவர். இவரிடத்தில்தான் உழைப்பு தேவை. சொந்தக் குழுவினர் மேல் சுட்டது, வழியை மறித்து நின்றது போன்றவற்றை நிரல் பதிவு செய்து, செயலுக்கேற்ற தண்டமாக ஆட்டத்தில் ஈட்டிய புள்ளிகளைக் குறைக்க வேண்டும். அவரோடு சேர்ந்து வந்த நண்பர்களுக்கும், அவர்கள் முறையிடாமல் இருந்தால், அதில் ஒரு பங்கு விழ வேண்டும். சக ஆட்டக்காரர்கள் முறையிடலாம். தீர்ப்புச் சொல்லக் கூடாது. பதிவு போதாத வழக்குகளை, அந்த ஆட்டத்தில் இல்லாத மூத்த ஆட்டக்காரர்கள் பெயர் மறைத்த ஒளிப்பதிவைப் பார்த்து முடிவு செய்யலாம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2013இல் இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கியது.

மீண்டு வரும் வழியைப் பொறுத்தவரை, தென்காசி வட்டாரத்து ஊர்களில் இரவு விளக்கொளியில் நடக்கும் கபடியைவிடச் சிறந்த முன்மாதிரி தேட வேண்டியதில்லை. தொடப்பட்டவர் கோட்டுக்கு வெளியே அமர்கிறார்; அவரை அனுப்பியது விதி, உடன் ஆடுபவர்களின் மனக்கசப்பு அன்று; தம் அணி எதிரணியில் ஒருவரை வீழ்த்தியதும், முதலில் போனவர் முதலில் உள்ளே வருகிறார். வெளியே இருப்பவரை உள்ளே கொண்டுவருவது அணிக்கு ஆதாயமாகவே அங்கு அமைந்திருக்கிறது. தண்டம் பெற்றவர் அடுத்த சில ஆட்டங்களை ஒழுங்காக ஆடி முடித்தால், அவருக்குக் குறைத்த புள்ளி திரும்புவதோடு அவருடன் ஆடிய குழுவுக்கும் சிறிது கூடுமாறு வைத்தால், அதே ஆதாயம் இணையத்திலும் உண்டாகும்.

கடைசியாக, தண்டம் விழுந்தவர் திரையில் காணும் வாசகத்தை வடிவமைப்பாளர் பிறரிடம் விடாமல் தாமே தமிழில் எழுத வேண்டும். விதிமீறல் கண்டறியப்பட்டது என்ற மொட்டைச் சொல் அங்கு உதவாது. எந்தச் சுற்று, என்ன செயல், எத்தனை புள்ளி, எப்போது திரும்பும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்: “மூன்றாம் சுற்றில் உங்கள் குழுவினர் மேல் இருமுறை சுட்டீர்கள். 5 புள்ளி குறைக்கப்பட்டது. இன்னும் மூன்று ஆட்டம் ஒழுங்காக முடித்தால் அது திரும்பக் கிடைக்கும். அடுத்த ஆட்டத்துக்கு உங்கள் இடம் தயாராக இருக்கிறது.”