வீட்டு பீட்சாவின் அடி மொறுமொறுவென்று வர

நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பில் சூடு 430 டிகிரி செல்சியஸ் இருக்கும். பீட்சா ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். நம் வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதனால் கனமான இரும்பு தோசைக்கல்லை உள்ளே வைத்து, முழுச் சூட்டில் அரை மணி நேரம் காயவிடுங்கள். அடி வேகாத குறை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

250 கிராம் மைதாவுக்கு 150 மில்லி தண்ணீர், 5 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பிசைந்து, மூடி, ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். ருசியே அந்த மெதுவான புளிப்பில்தான். அவசரத்துக்கு ஈஸ்ட்டைக் கூட்டினால் வாடைதான் தூக்கும். சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, இரண்டு உருண்டையாக்குங்கள்.

பூரிக்கட்டை வேண்டவே வேண்டாம். நடுவிலிருந்து விரல் நுனியால் அழுத்தி விரியுங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைத் தொடாமல் விட்டால், அங்கே தங்கும் காற்று ஓவனில் குபுகுபுவென்று உப்பும்.

தக்காளியைப் பச்சையாகவே மசித்து, நீரை வடித்து, உப்பு மட்டும் சேருங்கள். ஃப்ரெஷ் மொசரெல்லாவையும் வடியவிட்டுத்தான் போட வேண்டும்; ஈரம் இருந்தால் நடுப்பகுதி சொதசொதத்துவிடும். ரவை தூவிய பலகையிலிருந்து கல்லுக்குச் சரித்துவிட்டால் 8 முதல் 10 நிமிடத்தில் தயார். பேசில் இலையைக் கடைசியில் போடுங்கள்.